போகி முடிந்து கழிக்க வேண்டிய பழசு

கத்திரி வெயில் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். மதியம் ஒரு மணி. கத்திப்பாரா மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. மைத்துனரின் காரில் முன்சீட்டில் நான். ஏசி குமிழ் நாலாம் நம்பரில் இருக்கிறது. சத்தத்தைக் கேட்டால் காருக்குள் யாரோ கிரைண்டரில் மாவு அரைக்கிற மாதிரி. முகத்தில் படுகிற காற்றோ, கை வலித்துப்போனவர் பனையோலை விசிறியால் கடைசியாக வீசுகிற வீச்சு மாதிரி. பின்சீட்டில் மாமியார் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். “கேஸ் போயிடுச்சு மாமா” என்றார் மைத்துனர்.

மறுநாளே ஏசி கடைக்குப் போய் கேஸ் ஏற்றினார். 1,800 ரூபாய். அன்று சாயங்காலம் ஒரு கோடை மழை அடித்துப் பெய்தது. “கூலிங் பிரமாதம்” என்று போன் வந்தது. அடுத்த நாள் வெயில் திரும்பியது, கிரைண்டர் சத்தமும் திரும்பியது. திரும்பவும் கடைக்குப் போனால், ப்ளோயர் மோட்டார் வீக்காகிவிட்டது, மாற்ற ஆறாயிரம் ஆகும் என்றார்கள். மோட்டார் விலை விசாரிக்கத்தான் நாங்கள் இருவரும் ஜி.பி. ரோடு போனோம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்ற முழுப்பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. வாசலுக்கு வாசல் கார் சாமான் கடைதான்.

கல்லாவில் இருந்த பெரியவர் மோட்டாரை எடுக்கவே இல்லை. “காத்து ஜில்லுனு வருதா, சூடா வருதா?” என்றார். “ஜில்லுனுதான், ஆனா கொஞ்சூண்டு வருது” என்றார் மைத்துனர். “க்ளவ் பாக்ஸை இறக்கிப் பாத்தீங்களா?” என்று அடுத்த கேள்வி. நாங்கள் முழித்த முழியிலேயே அவருக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும். கடைப் பையனை அனுப்பினார். அவன் காருக்குள் தலையை விட்டு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியே இழுத்த பொருளைப் பார்த்து மைத்துனர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

பள்ளிக்கூட நோட்டு அளவில் ஒரு செவ்வகம். விசிறி மடிப்பு மடித்த ஏதோ துணி. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்கலாம். மடிப்புகளுக்குள் வேப்பஞ்சருகு, காய்ந்த பூ, ஒரு புறா இறகு, செத்த கொசுக்கள், இவற்றையெல்லாம் ஒட்டி வைத்த கறுப்புத் தூசி. ஒரு மூலையை எலி கொறித்திருந்தது. சட்டத்தில் அச்சடித்திருந்த மாதம், 2019ல் கார் வாங்கியதற்கு மூன்று மாதம் முந்தியது. அதாவது தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய அதே ஃபில்டர். வீட்டுக்கு வந்து பழைய சர்வீஸ் பில்களை எடுத்துப் பார்த்தால், இரண்டில் ‘ஏசி ஃபில்டர் – 1’ என்று போட்டுக் காசும் வாங்கியிருக்கிறார்கள். எந்த சர்வீஸ் சென்டர் என்று எழுதி என்ன ஆகப்போகிறது? உங்கள் பில்லையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

புது ஃபில்டர் 350 ரூபாய். போட்டதும் இரண்டாம் நம்பரிலேயே காற்று முடியைக் கலைத்தது.

எந்த ஃபில்டர்?

காரில் காற்றுக்கு இரண்டு ஃபில்டர். பானெட்டைத் திறந்தால் கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது என்ஜினுக்கு. அதை எல்லோரும் கவனிப்பார்கள், அது அடைத்தால் மைலேஜ் போய்விடுமே என்ற பயம். இன்னொன்று உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. கையேட்டில் அதற்குக் கேபின் ஏர் ஃபில்டர் என்று பெயர். மெக்கானிக்குகள் ஏசி ஃபில்டர் என்பார்கள். அது பானெட்டுக்கு அடியில் இருப்பது அபூர்வம். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் முன்சீட்டுப் பயணியின் முழங்காலுக்கு நேர் எதிரே, க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கண்ணில் படாததால் நினைவிலும் இருப்பதில்லை.

அம்பாசிடரிலும் பத்மினியிலும் இந்தக் கவலையே கிடையாது. முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். சட்டைக் காலர் கறுப்பதை வைத்து அன்றைய தூசியின் அளவு தெரிந்துவிடும். அமெரிக்காவில் நாஷ் நிறுவனம் 1938லேயே வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி காருக்குள் விடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பேக்கார்டு தன் 1940 மாடலில் ஏசியே வைத்தது. நமக்கு ஏசி கார் என்பது சாதாரணமாகப் பல காலம் ஆனது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டத் தொடங்கிய பிறகு, நாம் மூச்சு விடுவது அந்த ஒரே ஒரு வாசல் வழியாகத்தான்.

அந்த வாசல் முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் படுத்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சல்லடையில் இருக்கிறது. கார் ஓடும்போது அங்கே காற்று மோதி அழுத்தம் கூடுவதால், அது தானாகவே உள்ளே போகும். சல்லடை இலையைத்தான் தடுக்கும், வேப்பம்பூவைத் தடுக்காது. உள்ளே போன காற்று ஒரு கதவைத் தாண்டி, ஃபில்டர், ப்ளோயர், கூலிங் காயில் என்று சுற்றி டேஷ்போர்டு துவாரங்களுக்கு வருகிறது. ரீசர்குலேஷன் பட்டனைப் போட்டால் அந்தக் கதவு வெளிக்காற்றை மூடிவிட்டு உள்காற்றையே திரும்பத் திரும்ப எடுக்கும். “நான் எப்பவும் ரீசர்குலேஷன்லதான் வெச்சிருப்பேன், எனக்கு எதுக்கு ஃபில்டர்?” என்று சிலர் கேட்பதுண்டு. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் ஃபில்டர் இருப்பது அந்தக் கதவுக்கு அடுத்துதான். ஆகவே கால்மிதி மண்ணும் குழந்தைகள் உதிர்த்த மிக்ஸர் தூளும் தலைமுடியும்கூட அதில்தான் போய்ச் சேர்கின்றன.

டிகாக்‌ஷன் இறங்காத ஃபில்டர்

காபி ஃபில்டரில் பொடி ரொம்பவும் நைஸாகிவிட்டால் டிகாக்‌ஷன் இறங்காது. தட்டிப் பார்ப்போம், மூடியைத் திறந்து ஊதிப் பார்ப்போம். கேபின் ஃபில்டரிலும் கடைசியில் நடப்பது இதுதான். ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு. வெறும் சல்லடையாக இருந்தால், ஓட்டையைவிடச் சின்னதெல்லாம் தப்பிக்க வேண்டும். இதில் பெரியதும் மாட்டும், மிகச் சின்னதும் மாட்டும், நடுத்தரம்தான் தப்பும்.

ஒரு குறுகலான, வளைந்து வளைந்து போகிற சந்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வேகமாக வரும் லாரி வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் மோதுகிறது. குடித்துவிட்டு வருபவர் தள்ளாடி இரண்டு பக்கச் சுவரிலும் இடித்துக்கொள்கிறார். நிதானமாக நடந்து வருகிற ஆள்தான் அலுங்காமல் அந்தப் பக்கம் போய்விடுகிறார். தூசியில் லாரி என்றால் மண்துகள், மகரந்தம். குடிகாரர் என்றால் காற்று மூலக்கூறுகள் இடித்து அலைக்கழிக்கிற மிக நுண்ணிய துகள். நிதானமான ஆள் சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள். ஹெப்பா என்ற உயர்வகை ஃபில்டரை அந்த 0.3 மைக்ரானில்தான் சோதிக்கிறார்கள், அங்கே 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும். காருக்கு விற்கும் சாதா ஃபில்டர் அதன் பக்கத்தில்கூட வராது. பெட்டியில் ஹெப்பா என்று பெரிதாக எழுதியிருந்தால், சதவீதக் கணக்கும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாதா ஃபில்டரின் இழைகளுக்கு ஒரு ரகசிய பலம் உண்டு. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்து விளையாடியிருப்போமே, அதே நிலை மின்னூட்டம். பாலிப்ரொப்பிலீன் இழைகளில் அதை ஏற்றி வைத்திருப்பார்கள். அதனால்தான் காற்றைப் பெரிதாக மறிக்காமலே நுண்துகளை இழுத்துக்கொள்ள முடிகிறது. “எதுக்கு சார் புதுசு, சோப்புத் தண்ணில அலசிக் காய வெச்சா போதும்” என்கிற யோசனை கெடுதலாவது இங்கேதான். சோப்பு அந்த மின்னூட்டத்தைக் கொண்டுபோய்விடும். பார்க்க வெள்ளையாக இருக்கும், வேலை செய்யாது. மடிப்புகள் தொய்ந்து, நடுவில் ஈரம் தங்கினால் பூஞ்சை வேறு. கழுவலாம் என்று தயாரித்தவர்களே எழுதிக் கொடுத்த வகை என்றால் அது வேறு கதை. கம்ப்ரஸர் காற்றில் ஊதித் தருவதும் பாதி நாடகம்தான். மேலே இருக்கிற சருகு பறக்கும், இழைக்குள் புதைந்தது புதைந்ததுதான். அவசரத்துக்கு ஒருமுறை லேசாகத் தட்டிப் போடலாம், அவ்வளவுதான்.

அடைத்த ஃபில்டருக்கும் கேஸ் குறைந்ததற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. ஜி.பி. ரோடு பெரியவர் கேட்ட முதல் கேள்வியே போதும். காற்று பலமாக வந்து ஜில்லென்று இல்லாவிட்டால் கேஸையோ கம்ப்ரஸரையோ சந்தேகப்படலாம். காற்று ஜில்லென்று இருந்து, ப்ளோயர் கத்தியும் பலம் இல்லாவிட்டால் ஃபில்டரைப் பாருங்கள். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. சிறிய கார்களில் மொத்தமே அரைக் கிலோ அளவுதான். அது குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் வருடா வருடம் கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நெடுந்தூரம் போகும்போது முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்த காற்று மெல்ல மெல்லச் செத்துப்போகும். வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் காருக்கு அடியில் குளமாகத் தண்ணீர், ஏசியும் திரும்ப நன்றாக வேலை செய்யும். ஃபில்டர் அடைத்துக் காற்று போதாமல் போனதால் கூலிங் காயில் ஐஸ் கட்டிவிட்டிருக்கலாம், நீங்கள் டீ குடித்த நேரத்தில் அது உருகியிருக்கிறது. மழைக்காலத்தில் இதே அடைப்பு ஆபத்தாகவே மாறும். முன்கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தைத் துடைக்க அந்தக் காற்றுதான் வேண்டும். அது வராவிட்டால் ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் துணி.

சில ஏசி கடைகளில் ஃபில்டரைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, “இப்ப பாருங்க சார் காத்தை” என்பார்கள். காற்று அள்ளும்தான். ஆனால் ஃபில்டர் தடுத்த தூசி இனி ஈரமான கூலிங் காயிலில் போய் ஒட்டும். ஈரமும் மண்ணும் சேர்ந்தால் சேறு, சேற்றில் பூஞ்சை. ஏசி போட்டவுடன் காயாத சாக்ஸ் நாற்றம் வருகிறதே, அது அங்கிருந்துதான். அதை மறைக்க மல்லிகை வாசனைப் பாட்டில் வாங்கி டேஷ்போர்டில் ஒட்டுகிறோம். காயிலைக் கழற்றிக் கழுவ வேண்டுமென்றால் பல கார்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும். செலவு பல ஆயிரம். இறக்கி மாட்டிய டேஷ்போர்டு அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் கிரீச்சிடும் என்பது என் அனுபவம்.

மீட்டர் சொல்லாத கணக்கு

எப்போது மாற்றுவது? கையேட்டைத் திறந்தால் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு எண்ணோ, ஒரு வருடம் என்றோ போட்டிருக்கும். தூசி நிறைந்த சாலைகளில் அதற்கு முன்பே மாற்றவும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். நம் ஊருக்கு அந்தச் சின்ன எழுத்துதான் பொருந்தும். கிலோமீட்டர் கணக்கையே நான் நம்புவதில்லை. டயருக்கு அது சரி, ஏனென்றால் டயர் தூரத்தில் தேய்கிறது. ஃபில்டர் தேய்வது நேரத்தில்.

சென்னையிலிருந்து மதுரைக்கு 460 கிலோமீட்டர் சொச்சம். நான்கு வழிச்சாலையில் ஏழு, எட்டு மணி நேரம். அதே 460 கிலோமீட்டரை அண்ணா சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் அலுவலகம் போய் வருவதில் ஓட்டினால், மணிக்குச் சராசரி 18 கிலோமீட்டர் என்று வைத்தாலே இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். ஃபில்டருக்கு மூன்று மடங்கு. அதுவும் முன்னால் போகிற பஸ்ஸின் புகைக்குழாய்க்கு நேரே நின்றபடி. ப்ளோயர் நடுத்தர வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 200 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மனிதர் நாள் முழுக்க மூச்சு விடுவது 10, 12 கன மீட்டர்தான். நீங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் சுவாசிக்கிற அளவு காற்றை அந்தத் துணி ஒரே மணி நேரத்தில் சுவாசித்துவிடுகிறது.

ஊருக்கு ஊர் தூசியும் வேறு. சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக நூறு கிலோமீட்டருக்கு மேல் வழித்தடம் போடுகிறார்கள். அந்தத் தடுப்புத் தகரங்களை ஒட்டித் தினமும் போகிறவர், எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே குடியிருப்பவர், கல்குவாரி லாரிகள் போகும் சாலையில் வீடு கட்டியவர் எல்லோரும் கையேட்டின் எண்ணைப் பாதியாக வெட்டிக்கொள்ளலாம். தென்மாவட்டச் சாலைகளில் இருபுறமும் சீமைக்கருவேலம். அதன் மகரந்தம் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. வீட்டில் வீசிங் பிள்ளை இருந்தால் ஃபில்டர் ஆடம்பரமில்லை.

“எங்க கார் வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது” என்பார்கள் ஓய்வுபெற்றவர்கள். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் எடுக்கிற கார். மீதி நாள் வாசலில் வேப்பமர நிழலில் உறை போர்த்தி நிற்கும். இந்தக் கார்களின் ஃபில்டர்தான் பெரும்பாலும் மோசமாக இருக்கிறது. ஓடாத காரில் எலி குடியேறும். ஃபில்டரின் பஞ்சு மாதிரியான துணி அதற்குப் பிரசவ மெத்தை. என்ஜினில் புகையிலையைக் கட்டித் தொங்கவிடுவது நம்மவர்கள் வழக்கம், பலன் எலியைப் பொறுத்தது. வைப்பருக்குக் கீழே அந்துருண்டை போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஆவி நேரே காருக்குள்தான் வரும். நாஃப்தலீன் கைக்குழந்தைகளுக்கு நல்லதல்ல, ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களையே உடைக்கும்.

எல்லாம் கூட்டிக் கழித்து நான் வைத்துக்கொண்டிருக்கும் நாள், பொங்கல் முடிந்த வாரம். காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபில்டர் ஈரம் குடித்திருக்கும். மார்கழிப் பனியில் தூசி தரையோடு தங்கியிருக்கும். கடைசியாகப் போகி. 2018 போகியன்று காலை சென்னையில் புகை மூட்டம் தாங்காமல் விமானங்களே தாமதமாகின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களுக்கு நம் நாட்டின் வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 15 போதும் என்கிறது. டயர் எரிகிற தெருவில் இரண்டுமே ஏட்டுச் சுரைக்காய். ஆகவே போகிக்கு முன்னால் புது ஃபில்டர் போடுவது, அதைக் கொண்டுபோய்ப் புகையில் போடுவதுதான். பழசு அந்தப் புகையையும் வாங்கிக்கொள்ளட்டும். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் முடிந்த பிறகு கழியுங்கள். பங்குனியில் வெயில் ஏறும்போது ஏசிக்குப் புது மூச்சு இருக்கும். நெரிசலில் தினமும் ஓட்டுகிறவர்கள் ஆடியிலும் ஒருமுறை திறந்து பார்க்கலாம், ஆடிக்காற்று அள்ளிக் கொட்டிய மண் அதற்குள் வந்திருக்கும்.

கழித்ததை அடுத்த போகியில் எரித்துவிடாதீர்கள். துணி மாதிரி இருந்தாலும் அது பிளாஸ்டிக்.

க்ளவ் பாக்ஸை இறக்குதல்

முதல் வேலை க்ளவ் பாக்ஸைக் காலி செய்வது. உண்மையில் இதற்குத்தான் நேரம் பிடிக்கும். என்னுடையதில் மூன்று வருடத்து இன்சூரன்ஸ் நகல், திருத்தணி விபூதிப் பொட்டலம், உருகி ஒட்டிய ஹால்ஸ், யாருடையதென்றே தெரியாத மூக்குக் கண்ணாடி எல்லாம் இருந்தன. வண்டியை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். பெட்டியைத் திறந்தால் ஓரத்தில் அதை மெதுவாக இறங்கச் செய்கிற சின்னக் கம்பியோ கயிறோ இருக்கலாம், அதை விடுவியுங்கள். பிறகு பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அமுக்கினால் தடுப்புக் குமிழ்கள் விலகி, பெட்டி முழுக்கக் கீழே தொங்கிவிடும். முதல்முறை உடைத்துவிட்டோமோ என்று பயமாக இருக்கும். பிளாஸ்டிக் வளையும், பயப்பட வேண்டாம். ஆனால் முரண்டு பிடித்தால் பலம் காட்டாதீர்கள். சில கார்களில் திருகாணி கழற்றித்தான் எடுக்க முடியும், சிலவற்றில் ஃபில்டர் கால் வைக்கும் பக்கம் அடியில் இருக்கும், சிலவற்றில் வைப்பர் சல்லடைக்குக் கீழே. காரோடு வந்த கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகமும் க்ளவ் பாக்ஸில்தான் இருந்திருக்கும்.

உள்ளே ஒரு நீளவாட்டு மூடி தெரியும். ஓரத்துக் கிளிப்பை அமுக்கி எடுங்கள். அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, ஃபில்டரைச் சாய்க்காமல் மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் மேலே இருக்கிற சருகு ப்ளோயருக்குள் விழும். பிறகு ஏசி போடும்போதெல்லாம் டிக் டிக் என்று அடிக்கும், அதை எடுக்க மெக்கானிக்கிடம் போக வேண்டும். எலி வந்துபோன அடையாளம் இருந்தால் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டே தொடுங்கள்.

எடுத்த உடனே ஓர் அம்புக்குறியைத் தேடுங்கள். காற்று போகும் திசை அது. பழசு எப்படி இருந்ததோ புதுசும் அப்படியே போக வேண்டும். அம்பு அழிந்திருந்தால் கவலையில்லை, அதிகம் அழுக்கான பக்கம்தான் காற்று வந்து மோதிய பக்கம். பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்து, கிடக்கிற சருகைப் பொறுக்குங்கள். புதியதை நுழைக்குமுன் அதன் பாலிதீன் உறையைக் கழற்றிவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். உறையோடு மாட்டிக் கொடுத்து, மூன்று மாதம் கேஸ் ஏற்றி, கம்ப்ரஸர் வரைக்கும் சந்தேகப்பட்ட ஒரு காரை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபில்டர் பொந்தில் சிக்கென்று உட்கார வேண்டும். ஓரத்தில் விரல் நுழைகிற சந்து இருந்தால் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் போகும், உள்ளே இருக்கிற ஃபில்டர் எவ்வளவு உசத்தி என்பதில் அர்த்தமில்லை. மலிவுச் சரக்கில் இதுதான் முக்கியக் குறை. சட்டம் தளர்வாக இருக்கும், மடிப்புகள் குறைவாக இருக்கும். சாதா வகைக்கு 200 முதல் 500 ரூபாய் வரை போதும், கார் கம்பெனிச் சரக்கோ போஷ், மான் போன்ற தெரிந்த பெயர்களோ கிடைக்கும். வாங்கும்போது காரின் மாடலோடு தயாரிப்பு வருடத்தையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் கார் அடுத்த தலைமுறையில் வேறு அளவு கேட்கும்.

சிலருக்கு மூடியைத் திறந்ததும் அதிர்ச்சி, உள்ளே ஒன்றுமே இருக்காது. ஆரம்ப மாடல்களில் விலையைக் குறைப்பதற்காக ஃபில்டரைத் தராமல் பொந்தை மட்டும் விட்டிருப்பார்கள். மேல் மாடலுக்குரிய ஃபில்டர் பல நேரம் அதில் அப்படியே பொருந்தும், மூடியும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

கொட்டாங்குச்சிக் கரி

கடையில் கறுப்பு நிறத்தில் இன்னொரு வகையும் காட்டுவார்கள். விலை ஏறத்தாழ இரு மடங்கு. நடுவில் ஆக்டிவேட்டட் கார்பன் தூவிய அடுக்கு இருக்கும். தூசியைத் தடுக்கும் வேலையில் இது சாதா வகையைவிடப் பெரிய உசத்தியில்லை, இதன் வேலை வாசனைகளும் வாயுக்களும். டீசல் புகையின் காட்டம், கூவத்தின் மணம், தோல் தொழிற்சாலை நெடி இவற்றை மட்டுப்படுத்தும். இந்தக் கரிக்கும் நம் மண்ணுக்கும் உறவு உண்டு. சென்னையில் கொட்டாங்குச்சி, நெல்லையில் சிரட்டை, கொங்கு நாட்டில் தொட்டி என்கிறோமே, அதைச் சுட்டுக் கரியாக்கி, எண்ணூறு டிகிரிக்கு மேல் நீராவி பாய்ச்சினால் கரிக்குள் கோடிக்கணக்கான நுண்துளைகள் திறந்துகொள்ளும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் வரும். நான்கு கிரவுண்டுக்கு மேற்பட்ட மனையை ஒரு சிட்டிகையில் மடித்து வைத்த மாதிரி. காங்கேயம், கோவை வட்டாரத்தில் இதைப் பெரிய தொழிலாகவே செய்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள்.

கரியின் குறை, அது நிறைந்துபோனால் வெளியே தெரியாது. கறுப்பு கறுப்பாகவே இருக்கும். நாற்றம் திரும்ப உள்ளே வருகிறதா என்று மூக்குதான் சொல்ல வேண்டும். நெரிசலில் தினமும் கிடப்பவருக்குக் கரி வகை நியாயமான செலவு. கிராமத்துச் சாலையில் ஓட்டுபவருக்குச் சாதாவை அடிக்கடி மாற்றுவது மேல்.

எந்த ஃபில்டரும், கரியும் சேர்த்துத்தான், கார்பன் மோனாக்ஸைடைத் தடுக்காது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. என்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றிக் காருக்குள் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளைப் படித்திருப்பீர்கள். மூடிய ஷெட்டில் இது இன்னும் மோசம். புது ஃபில்டர் போட்டிருக்கிறோம் என்ற தைரியம் இந்த இடத்தில் உதவாது. அதேபோல, லாரிக்குப் பின்னால் மாட்டும்போது ரீசர்குலேஷன் நல்லதுதான், ஆனால் அதிலேயே மணிக்கணக்கில் ஓட்டினால் நாம் விடுகிற மூச்சே உள்ளே சேர்ந்து கரியமில வாயு ஏறும், கண்ணைச் சொக்கும். இரவுப் பயணத்தில் அரை மணிக்கு ஒருமுறை வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். வீடு வந்து சேர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஏசி பட்டனை மட்டும் அணைத்து ப்ளோயரை ஓடவிட்டால் கூலிங் காயில் உலர்ந்துவிடும், சாக்ஸ் நாற்றம் பாதி குறையும். இதற்குச் செலவே இல்லை.

மைத்துனரின் கதைக்குப் பிறகு என் காருக்கு நானே மாற்றுகிறேன். இந்த ஜனவரியில், காணும் பொங்கலுக்கு மறுநாள். விபூதிப் பொட்டலத்தைத் திரும்ப உள்ளே வைப்பதையும் சேர்த்துக் கால் மணி நேரம். ஃபில்டரின் சட்டத்தில் மார்க்கரால் 18.1 என்று தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஜி.பி. ரோடு பெரியவர் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

பிப்ரவரி முதல் வாரம் கார் சர்வீஸுக்குப் போனது. பதினோரு மணிக்கு அட்வைசர் கூப்பிட்டார். “சார், உங்க ஏசி ஃபில்டர் ரொம்ப அழுக்கா இருக்கு. மாத்திடலாமா?”

“அதுல ஒரு தேதி எழுதியிருக்கும். என்னன்னு படிச்சுச் சொல்லுங்க தம்பி.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “லைன்லயே இருங்க சார், பாத்துடறேன்” என்றார். காலடிச் சத்தம் கேட்டது. அப்புறம் பானெட்டைத் தூக்குகிற சத்தம் கேட்டது.